ஒரு நாட்டின் ஆராய்ச்சிச் செலவை எண்ண எந்த வழி நல்லது?

2022-ல் பிரிட்டனில் ஒரு வேடிக்கை நடந்தது. 2020-ம் ஆண்டில் அந்நாட்டு நிறுவனங்கள் ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் செலவிட்ட தொகை 26.9 பில்லியன் பவுண்டு என்று சொல்லிவந்த தேசியப் புள்ளியியல் அலுவலகம், அதை 43 பில்லியன் என்று திருத்தியது. இடையில் புதிதாக ஓர் ஆய்வகம்கூடத் திறக்கவில்லை, ஒரு விஞ்ஞானிகூடக் கூடுதலாக வேலைக்குச் சேரவில்லை. எண்ணும் விதம் மாறியது, அவ்வளவுதான். 2027-க்குள் நாட்டின் மொத்த ஆராய்ச்சிச் செலவை ஜி.டி.பி.யில் 2.4 சதவீதமாக உயர்த்துவது என்று அரசு வைத்திருந்த இலக்கும் அந்தத் திருத்தத்திலேயே தாண்டப்பட்டுவிட்டது.

இந்தியாவுக்கு இப்படி ஒரு எண் இருக்கிறது: 0.64 சதவீதம். 2020-21-ல் நாடு ஆராய்ச்சிக்குச் செலவிட்டது 1,27,381 கோடி ரூபாய், அது ஜி.டி.பி.யில் 0.64 சதவீதம் என்பது மத்திய அறிவியல் தொழில்நுட்பத் துறையின் கணக்கு. நாடாளுமன்றத்திலும் தலையங்கங்களிலும் இந்த எண் ஓயாமல் சுற்றுகிறது. அது எப்படி வந்தது என்று கேட்பவர் குறைவு. ஆனால் வேலைக்காக அந்தக் கேள்வியைக் கேட்டே ஆகவேண்டியவர்கள் சிலர் இருக்கிறார்கள். ஒரு துறைக்கோ மாநிலத்துக்கோ கணக்கெடுப்பு திட்டமிடுகிறவர், தொழில் அமைப்புக்கு அறிக்கை தயாரிப்பவர், ஆய்வேட்டுக்குத் தரவு தேடும் மாணவர். ஆளாளுக்கு ஒரு வழியைப் பரிந்துரைக்கிறார்கள், நான் எதை எடுப்பது என்பதுதான் அவர்கள் அனுப்பும் கேள்வி. இந்த ஒப்பீடு அவர்களுக்காக.

## எதை எண்ணப் போகிறோம்?

1963 ஜூனில் இத்தாலியின் ஃப்ராஸ்காட்டி என்ற சிற்றூரில், ஒரு பழைய மாளிகையில், பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட பொருளாதார அமைப்பான ஓ.இ.சி.டி.யின் உறுப்பு நாடுகளைச் சேர்ந்த புள்ளியியல் நிபுணர்கள் கூடினார்கள். ஆராய்ச்சி என்றால் என்ன, அதன் செலவில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று ஒரு கையேட்டை முடிவு செய்தார்கள். வரைவைத் தயாரித்தவர் பிரிட்டிஷ் பொருளாதார அறிஞர் கிறிஸ்டஃபர் ஃப்ரீமன். ஊர்ப் பெயரே கையேட்டின் பெயராகி நிலைத்துவிட்டது. 2015-ல் அதன் ஏழாம் பதிப்பு வந்தது. ஓ.இ.சி.டி.க்கு வெளியே உள்ள நாடுகளும், யுனெஸ்கோவும், இந்தியாவும் அதைத்தான் பின்பற்றுகின்றன.

கையேடு ஐந்து சோதனைகள் வைக்கிறது. வேலை புதிதாக எதையாவது கண்டறிய முயல வேண்டும். அதில் சொந்த யோசனை இருக்க வேண்டும். முடிவு முன்கூட்டியே தெரிந்திருக்கக் கூடாது. திட்டமிட்டு, பதிவு செய்து நடக்க வேண்டும். கிடைத்ததை இன்னொருவர் எடுத்து மறுபடி செய்து பார்க்க முடிய வேண்டும். ஐந்தும் இருந்தால்தான் கணக்கில் சேரும். புதிய நெல் ரகம் உருவாக்குவது சேரும், விவசாயி கொண்டுவரும் மண்ணை வழக்கம்போலப் பரிசோதித்துத் தருவது சேராது. புதிய ராக்கெட் எஞ்சினை வடிவமைப்பது சேரும், தேறிய ராக்கெட்டை மறுபடி தயாரித்து ஏவுவது பெரும்பாலும் சேராது. கோடு போட்டாற்போல இருந்தாலும், நடைமுறையில் ஒரே ஆய்வகத்தில், ஒரே ஆளின் ஒரே நாளில் இரண்டும் கலந்துகிடக்கும். பிரிக்கச் சொல்லிக் கேட்பது அந்த ஆய்வகத்தின் கணக்காளரை.

இன்னொரு அடிப்படை விதியும் உண்டு. பணம் கொடுத்தவரிடம் கேட்காமல், வேலை செய்தவரிடம் கேள். ஒரு மத்திய அமைப்பு பல்கலைக்கழகத்துக்கு ஆய்வு நிதி தருகிறது. இரண்டு பேரும் தங்கள் செலவாக எழுதினால் அதே ரூபாய் இருமுறை வரும். செய்தவர் பக்கம் மட்டும் கூட்டினால் ஒருமுறைதான் வரும்.

## எந்த அளவுகோல்களில் பார்ப்பது?

வழிகளை எடைபோட நான் வைத்துக்கொள்ளும் கேள்விகள் இவை. எண் மேலே சொன்ன வரையறைக்கு எவ்வளவு நெருக்கம்? யார் விட்டுப்போகிறார்கள், குறிப்பாகச் சிறு நிறுவனங்களும் வெளிநாட்டு நிறுவனங்களின் ஆய்வு மையங்களும்? மொத்தத் தொகையைத் தாண்டி மாநிலம், துறை, ஆட்கள், பெண்கள் பங்கு, அடிப்படை ஆராய்ச்சியா பயன்பாட்டு ஆராய்ச்சியா என்ற பிரிவுகள் கிடைக்குமா? எத்தனை சீக்கிரம் வரும்? என்ன செலவாகும்? அந்தச் செலவில் கேட்பவரின் செலவு மட்டுமல்ல, படிவம் நிரப்புபவரின் நேரமும் அடங்கும். போன வருடத்தோடும் பக்கத்து நாட்டோடும் ஒப்பிட முடியுமா?

கடைசிக் கேள்வியைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பதில் சொல்பவருக்குக் கூட்டிச் சொன்னால் லாபம் உண்டா?

## வழி 1: தெரிந்தவர்கள் எல்லோரையும் கேட்பது

ஆராய்ச்சி செய்கிறவர்களின் பட்டியல் ஒன்றை வைத்துக்கொண்டு, அதில் உள்ள எல்லோருக்கும் படிவம் அனுப்பிப் பதில் வாங்கிக் கூட்டுவது. இந்தியா அடிப்படையில் இதைத்தான் செய்கிறது. அறிவியல் தொழில்நுட்பத் துறைக்குள் இருக்கும் தேசிய அறிவியல் தொழில்நுட்ப மேலாண்மைத் தகவல் அமைப்பு, மத்திய, மாநில ஆய்வகங்கள், பல்கலைக்கழகங்கள், பொதுத்துறை, தனியார் நிறுவனங்கள் ஆகியவற்றிடம் செலவையும் ஆட்களையும் கேட்டுப் பெறுகிறது. 2020-21-ன் மொத்தத்தில் மத்திய அரசு 43.7 சதவீதம், தனியார் தொழில்துறை 36.4, உயர்கல்வி 8.8, மாநிலங்கள் 6.7, பொதுத்துறை நிறுவனங்கள் 4.4 என்ற பங்கீடு இப்படித்தான் வந்தது.

ஆராய்ச்சி சில கைகளில் குவிந்திருக்கும் நாட்டில் இந்த வழி நன்றாகவே வேலை செய்யும். இந்தியாவின் அரசுப் பக்கம் அப்படிப்பட்டது. பாதுகாப்பு ஆராய்ச்சி அமைப்பு, விண்வெளித் துறை, வேளாண் ஆராய்ச்சிக் கழகம், அணுசக்தித் துறை ஆகிய நான்கிடமும் பதில் வாங்கிவிட்டால் மத்திய அரசுச் செலவின் பெரும்பகுதி வந்துவிடும். இந்தப் பகுதியில் எண் பெரிதாகத் தவற வாய்ப்பில்லை.

தனியார் பக்கம் வந்தால் கதை வேறு. யாருக்குப் படிவம் அனுப்புவது? சொந்த ஆய்வுப் பிரிவு வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு டி.எஸ்.ஐ.ஆர். எனப்படும் அறிவியல் மற்றும் தொழில் ஆராய்ச்சித் துறை அங்கீகாரம் தருகிறது. அந்தப் பட்டியல் கையில் இருக்கிறது. அங்கீகாரம் கேட்டு வராத நிறுவனம் அதில் இருக்காது. பெங்களூரிலும் சென்னையிலும் ஹைதராபாத்திலும் வெளிநாட்டு நிறுவனங்கள் நடத்தும் பொறியியல், சிப் வடிவமைப்பு மையங்களில் பல, தாய் நிறுவனத்துக்குச் செய்யும் வேலைக்கு விலைப்பட்டியல் போட்டு அனுப்புகின்றன. அவற்றின் கணக்குப் புத்தகத்தில் அது ஏற்றுமதிச் சேவை. கையேட்டின்படி அது இந்தியாவில் நடந்த, வெளிநாட்டு நிதியில் நடந்த ஆராய்ச்சி. படிவம் போய்ச் சேர்ந்தால்கூட, நிரப்புபவர் அதை ஆராய்ச்சி என்று எழுதுவாரா என்பது சந்தேகம்தான்.

மறைமுகச் செலவுகள் மூன்று. முதலாவது பட்டியலைப் புதுப்பிப்பது. இதற்கு யாரும் தனியாகப் பணம் ஒதுக்குவதில்லை, அதனால் பட்டியல் பழசாகிக்கொண்டே போகும். இரண்டாவது துரத்துவது. பதில் வராதவர்களை மறுபடி மறுபடி கேட்பதில் மாதங்கள் ஓடும். 2020-21-ன் கணக்கு வெளியானது 2023-ல். இந்தியாவில் 2008-ம் ஆண்டின் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டம் பதிலைக் கட்டாயமாக்க இடம் தருகிறது என்றாலும், சட்டத்தைக் காட்டிப் பதில் வாங்குவதும் ஒரு வேலைதான்.

மூன்றாவது பல்கலைக்கழகங்கள். இதற்குக் கொஞ்சம் விரிவாக இடம் கொடுக்க வேண்டும், ஏனென்றால் ஆராய்ச்சியாளர் எண்ணிக்கையை அதிகம் ஆட்டிவைப்பது இதுதான். பேராசிரியர் பாதி நேரம் பாடம் நடத்துகிறார், கால்வாசி நேரம் விடைத்தாளும் கமிட்டியும், மீதியில் ஆராய்ச்சி. கையேடு அவரைக் கால் ஆளாக எண்ணச் சொல்கிறது. முழுநேரக் கணக்கு என்பது இதுதான். ஆனால் அது காலா, அரைக்காலா என்று யார் சொல்வது? அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி 2021-22-ல் நாட்டில் 15.98 லட்சம் ஆசிரியர்கள். அவர்கள் சராசரியாக 10 சதவீத நேரம் ஆராய்ச்சி செய்வதாக வைத்தால் 1.6 லட்சம் முழுநேர ஆராய்ச்சியாளர்கள். 20 சதவீதம் என்று வைத்தால் 3.2 லட்சம். பத்து லட்சம் பேருக்கு 262 ஆராய்ச்சியாளர் என்று நாம் சொல்லும் கணக்கில் மொத்த இந்தியாவுக்கும் வருவதே சுமார் 3.6 லட்சம்தான். எல்லாக் கல்லூரி ஆசிரியரும் ஆராய்ச்சி செய்வதில்லை என்பதால் இது ஒரு கற்பனைக் கணக்கு, ஆனாலும் ஒற்றை அனுமானம் எவ்வளவு தூரம் இழுக்கும் என்பதைக் காட்டப் போதும். ஜப்பான் 2000-களின் தொடக்கம் வரை பல்கலைக்கழக ஆய்வாளர்களை முழு ஆட்களாகவே எண்ணிவந்தது. ஓ.இ.சி.டி. தன் அட்டவணைகளில் அதைக் குறைத்துத் தனியாகப் போட வேண்டியிருந்தது. பிறகுதான் ஆசிரியர்களின் நேரத்தை அளக்கும் கணக்கெடுப்பு அங்கே வந்தது.

எப்போது இந்த வழி: ஆராய்ச்சி செய்பவர் எண்ணிக்கை சில நூறு, அல்லது பெரும்பகுதி அரசு அமைப்புகள். அல்லது ஆட்கள், பெண்கள் பங்கு, துறைவாரிப் பிரிவு என்று நுணுக்கமான விவரம் தேவை. அந்த விவரமெல்லாம் நேரடியாகக் கேட்டால்தான் வரும்.

## வழி 2: மாதிரி எடுத்துக் கேட்பது

எல்லோரையும் கேட்க முடியாதபோது சிலரைக் கேட்டு மொத்தத்தை மதிப்பிடுவது. குடும்பச் செலவையோ வேலையின்மையையோ இப்படித்தான் அளக்கிறோம். ஆராய்ச்சிக்கு அதே முறையை அப்படியே எடுத்தால் ஆபத்து. சோற்றுப் பானையில் ஒரு பருக்கையைத் தொட்டுப் பார்த்தால் போதும், ஏனென்றால் எல்லாம் ஒன்றாக வெந்திருக்கும். நிறுவனங்களின் ஆராய்ச்சி அப்படி வேகாது. ஆயிரம் நிறுவனங்களில் பெரும்பாலானவை எதுவும் செய்யாது, விரல்விட்டு எண்ணக்கூடிய சில மொத்தத்தில் பாதியைச் செய்யும். குலுக்கல் முறையில் அந்தச் சிலரில் ஒருவர் விட்டுப்போனால் எண் விழும், வந்துவிட்டால் எகிறும்.

அதனால் நடைமுறையில் ஒரு கலப்பு. பெரிய செலவாளிகள் எல்லோரும் கட்டாயம் உண்டு. நடுத்தரத்தில் பாதிப் பேர், சிறியவர்களில் ஒரு சிறு பங்கு, அதிலும் மென்பொருள், மருந்து போன்ற துறைகளில் கொஞ்சம் அதிகம். இதற்கு நல்ல உதாரணம் அமெரிக்கா. 1953-ல் தொடங்கிய தொழில்துறை ஆராய்ச்சிக் கணக்கெடுப்பு பெயரும் வடிவமும் பலமுறை மாறி இன்றும் நடக்கிறது. தேசிய அறிவியல் அறக்கட்டளையின் புள்ளியியல் மையம் கேள்விகளைத் தயாரிக்கிறது, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அலுவலகம் நடத்துகிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனங்களுக்கு ஒரு படிவம். அதைவிடச் சிறியவற்றுக்கு வேறொரு வணிகக் கணக்கெடுப்பில் சில கேள்விகள். பதில் சொல்வது சட்டப்படி கட்டாயம்.

இந்த வழியின் உயிர், எல்லா நிறுவனங்களும் அடங்கிய ஒரு வணிகப் பதிவேடு. அமெரிக்காவிடம் அது இருக்கிறது. அது இல்லாத இடத்தில் மாதிரி எடுப்பது எதிலிருந்து? ஏற்கெனவே தெரிந்த ஆராய்ச்சி நிறுவனங்களின் பட்டியலிலிருந்து என்றால், தெரியாதவர் தெரியாதவராகவே இருப்பார். பிரிட்டன் மாட்டிக்கொண்டது இங்கேதான். அங்கேயும் மாதிரிக் கணக்கெடுப்புதான் நடந்தது. ஆனால் சிறு நிறுவனங்களில் புதிதாக ஆராய்ச்சிக்கு வந்தவர்களைப் பட்டியல் போதுமான அளவு பிடிக்கவில்லை. கணிதம் சரி, மாதிரியும் சரி, அது எடுக்கப்பட்ட குளம் சிறியது.

இதன் மறைமுகச் செலவு மாநில, மாவட்ட அளவில் இறங்கும்போது தெரியும். தேசிய எண்ணுக்குப் போதுமான மாதிரி, ஒரு மாநிலத்தின் ஒரு துறைக்கு வரும்போது நாலைந்து நிறுவனங்களாகச் சுருங்கிவிடும். அந்த எண்ணை வெளியிட்டால் பிழையும் பெரிது, யாருடைய எண் என்பதும் வெளியே தெரிந்துவிடும். ரகசியம் காப்பதற்காக அட்டவணையில் பல கட்டங்களை மூடிவைப்பார்கள்.

எப்போது இந்த வழி: சிறு, நடுத்தர நிறுவனங்கள் ஏராளமாக ஆராய்ச்சி செய்கிற பொருளாதாரம், கூடவே ஒழுங்கான நிறுவனப் பதிவேடு. இரண்டில் ஒன்று இல்லையென்றால் அவசரப்பட வேண்டாம்.

## வழி 3: வரிக் கணக்கிலிருந்து எடுப்பது

ஆராய்ச்சிச் செலவுக்கு வரிச்சலுகை தரும் நாடுகளில் ஒரு பொக்கிஷம் வரித்துறையிடம் கிடக்கிறது. நிறுவனங்களே தானாக வந்து, தணிக்கை செய்த கணக்கோடு, இவ்வளவு செலவு செய்தேன் என்று எழுதிக் கொடுத்திருக்கின்றன. புதிதாகப் படிவம் அடிக்க வேண்டியதில்லை. துரத்த வேண்டியதில்லை. சிறு நிறுவனமும் வரும், சலுகை வேண்டுமே! கனடா தன் கணக்கெடுப்பில் சிறு நிறுவனங்களுக்குப் பல ஆண்டுகள் வரிப் படிவத் தரவைப் பயன்படுத்தியது. பிரிட்டனில் விடுபட்ட தொகை வெளிச்சத்துக்கு வந்ததும், வரித்துறைக்கு வந்த சலுகைக் கோரிக்கைகள் கணக்கெடுப்பு எண்ணைவிட மிகப் பெரிதாக இருந்ததால்தான்.

அப்படியானால் இதுவே போதுமே என்று தோன்றும். என் பட்டியலின் கடைசிக் கேள்வியை இங்கே கேட்க வேண்டும். கூட்டிச் சொன்னால் லாபம் உண்டா? உண்டு, ரொக்கமாக. பிரிட்டனின் வரித்துறை 2020-21-ன் கோரிக்கைகளில் சிலவற்றைக் குலுக்கலில் எடுத்துச் சோதித்தபோது, தொகையில் 16.7 சதவீதம் பிழை அல்லது மோசடி என்று மதிப்பிட்டது. சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான திட்டத்தில் மட்டும் அது 24.4 சதவீதம். கணக்கெடுப்பில் குறைவாகத் தெரிந்தவர்களும் வரிக் கணக்கில் அதிகமாகத் தெரிந்தவர்களும் ஒரே கூட்டம் என்பதைக் கவனிக்க வேண்டும். உண்மை நடுவில் எங்கோ இருக்கிறது.

சட்டத்தின் வரையறையும் கையேட்டின் வரையறையும் ஒன்றல்ல என்பது அடுத்த சிக்கல். இந்தியாவில் 1961-ம் ஆண்டு வருமானவரிச் சட்டத்தின் 35(2ஏபி) பிரிவு, டி.எஸ்.ஐ.ஆர். அங்கீகரித்த, நிறுவனங்களின் சொந்த ஆய்வுப் பிரிவுகளின் செலவுக்கு, வரிக்குரிய வருமானத்தில் கூடுதல் கழிவு தந்தது. ஆனால் அது உயிரித் தொழில்நுட்பத்துக்கும் பொருள் உற்பத்தி செய்பவர்களுக்கும்தான். மென்பொருள் சேவை நிறுவனம் அதில் வராது. நிலம், கட்டடச் செலவும் வராது. ஆக, இந்தியாவின் இன்றைய தனியார் ஆராய்ச்சியில் ஒரு பெரிய துண்டு ஆரம்பத்திலேயே வெளியே நின்றுவிடும்.

சலுகை மாறினால் தரவும் மாறும் என்பதைப் பலர் யோசிப்பதில்லை. அந்தக் கழிவு 2017 மார்ச் வரை செலவில் 200 சதவீதம். பிறகு 150. 2020 ஏப்ரல் முதல் வெறும் 100. 2019-ல் வந்த 22 சதவீத நிறுவன வரி முறையைத் தேர்ந்தெடுத்தால் இந்தப் பிரிவையே பயன்படுத்த முடியாது. கோருவதற்கான காரணம் கரையக் கரைய, கோரிக்கைகளும் குறையும். வரிக் கணக்கை வைத்து வரைபடம் போட்டால் ஆராய்ச்சி சரிந்ததுபோலத் தெரியும். சரிந்தது சலுகை.

எப்போது இந்த வழி: வரிச்சலுகை அகலமாகவும் பல ஆண்டுகள் மாறாமலும் இருக்கும் நாட்டில், கணக்கெடுப்புக்கு உதவியாளாக. பட்டியலில் இல்லாத நிறுவனங்களைக் கண்டுபிடிக்க இதைவிடச் சிறந்த கருவி இல்லை. தனியாக நின்று மொத்த எண்ணைச் சொல்லும் தகுதி இதற்கு இல்லை என்பது என் முடிவு.

## வழி 4: பட்ஜெட் ஆவணங்களைக் கூட்டுவது

யாரையும் கேட்காமல், அரசின் பட்ஜெட்டில் ஆராய்ச்சிக்கு ஒதுக்கியதைத் தலைப்பு தலைப்பாக எடுத்துக் கூட்டலாம். பிப்ரவரியில் பட்ஜெட் வந்தால் மார்ச்சில் எண் தயார். ஒரு நல்ல ஆய்வாளரும் ஒரு கணினியும் போதும். எந்த நோக்கத்துக்கு எவ்வளவு, பாதுகாப்பா, வேளாண்மையா, சுகாதாரமா என்பதும் தெரியும். ஃப்ராஸ்காட்டி கையேட்டிலேயே இதற்குத் தனி இடம் உண்டு.

ஆனால் இது அரசு கொடுக்க நினைத்த பணம். செலவானதா என்பது திருத்திய மதிப்பீட்டிலும் பிறகு வரும் உண்மைக் கணக்கிலும்தான் தெரியும். தலைப்புக்குள் இருப்பதெல்லாம் ஆராய்ச்சியும் இல்லை. விண்வெளித் துறையின் பட்ஜெட்டில் ஏவுதலும் செயற்கைக்கோள் சேவையும் அடங்கும். வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் பட்ஜெட்டில் மாவட்டந்தோறும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களின் விரிவாக்கப் பணி அடங்கும். கோயம்புத்தூரில் உள்ள தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகத்துக்கு மாநில அரசு தரும் தொகையில் கற்பித்தல், ஆராய்ச்சி, விரிவாக்கம் மூன்றும் சேர்ந்தே போகின்றன. எத்தனை சதவீதம் ஆராய்ச்சி என்று ஒரு விகிதம் வைத்துத்தான் பிரிக்க வேண்டும், அந்த விகிதத்தை வைப்பது நீங்கள். அமெரிக்காவில் மத்திய அமைப்புகள் கொடுத்ததாகச் சொல்லும் ஆராய்ச்சிப் பணமும், நிறுவனங்கள் பெற்றுச் செலவிட்டதாகச் சொல்லும் பணமும் பல பத்தாண்டுகளாகப் பொருந்திவந்ததில்லை. ஆண்டு எல்லை, ஒப்பந்த வகை, வரையறை என்று காரணங்கள் பல.

எப்போது: இந்த வருட அரசு நோக்கம் என்ன என்பதே கேள்வி என்றால். நாட்டின் மொத்தம் எவ்வளவு என்ற கேள்விக்கு இது விடையே ஆகாது, தனியார் துறை முழுவதும் வெளியே நிற்கிறது.

## வழி 5: நிறுவன ஆண்டறிக்கைகள்

2014-ம் ஆண்டு நிறுவனக் கணக்கு விதிகளின் 8-ம் விதிப்படி, இந்திய நிறுவனங்கள் இயக்குநர் குழு அறிக்கையில் ஆராய்ச்சிக்கும் மேம்பாட்டுக்கும் செலவிட்டதைச் சொல்ல வேண்டும். பட்டியலிடப்பட்ட பெரிய நிறுவனங்களின் அறிக்கைகளை வைத்துக்கொண்டு ஒரு மாணவரே ஒரு விடுமுறையில் அட்டவணை போட்டுவிடலாம். ஐரோப்பிய ஆணையமும் 2004 முதல் உலகின் பெரிய நிறுவனங்களை இப்படி ஆண்டுதோறும் வரிசைப்படுத்துகிறது.

அந்த வரிசையில் பல ஆண்டுகள் இந்திய நிறுவனங்களில் முதலிடம் டாடா மோட்டார்ஸுக்கு இருந்தது. பெருமைதான், ஆனால் அந்தத் தொகையில் பெரும்பகுதி ஜாகுவார் லேண்ட் ரோவருடையது. அந்தப் பொறியாளர்கள் வேலை செய்வது பெரும்பாலும் பிரிட்டனில். ஆண்டறிக்கை எண்ணுவது நிறுவனத்தை, தேசியக் கணக்கெடுப்பு எண்ணுவது நிலப்பரப்பை. சென்னையில் ரெனோ-நிஸானின் தொழில்நுட்ப மையம் இருக்கிறது. அதன் வேலை நடப்பது இங்கே, குழுமத்தின் ஆண்டறிக்கை வெளியாவது பிரான்ஸிலும் ஜப்பானிலும். நாட்டுக்குள்ளேயும் இதே தலைவலி உண்டு. மஹிந்திராவின் பெரிய ஆய்வு மையம் செங்கல்பட்டு அருகே, தலைமையகம் மும்பையில். ஆண்டறிக்கையில் மொத்தமாக ஒரே எண். அதில் தமிழ்நாட்டின் பங்கு எது என்று அறிக்கை சொல்லாது.

கணக்கியல் விதிகளும் குழப்பும். ஆராய்ச்சிக் கட்டச் செலவை அந்த ஆண்டின் செலவாக எழுத வேண்டும். மேம்பாட்டுக் கட்டச் செலவைச் சில நிபந்தனைகள் நிறைவேறினால் சொத்தாக ஏற்ற வேண்டும். அறிக்கையின் ஒரு பக்கத்தை மட்டும் பார்த்தவர் பாதியைத்தான் பார்த்திருப்பார்.

எப்போது: எந்த நிறுவனம் முன்னே நிற்கிறது என்ற கேள்விக்கு. முதலீட்டாளருக்கும் பத்திரிகையாளருக்கும் இது போதும்.

## ஒரே பார்வையில்

| வழி | வரையறைக்கு நெருக்கம் | அதிகம் விட்டுப்போவது | காத்திருப்பு | கூட்டிச் சொல்லத் தூண்டுதல் |
|---|---|---|---|---|
| எல்லோரையும் கேட்பது | நெருக்கம் | பட்டியலில் இல்லாத தனியார் | நீண்டது | கொஞ்சம், கௌரவத்துக்காக |
| மாதிரிக் கணக்கெடுப்பு | நெருக்கம் | மாநில, துறை நுணுக்கம் | நடுத்தரம் | மிகக் குறைவு |
| வரிக் கணக்கு | சட்டத்தைப் பொறுத்தது | சலுகைக்குத் தகுதியற்ற துறைகள், பல்கலைக்கழகங்கள் | நடுத்தரம் | மிக அதிகம் |
| பட்ஜெட் | தளர்வு | தனியார் துறை முழுவதும் | மிகக் குறைவு | கொஞ்சம், அரசியலுக்காக |
| ஆண்டறிக்கை | தளர்வு | சிறு நிறுவனங்கள், இடம் | குறைவு | ஓரளவு, பங்குச் சந்தைக்காக |

புத்தாக்கக் கணக்கெடுப்பு இதில் ஏன் இல்லை என்று சிலர் கேட்பார்கள். அது வேறு கேள்விக்கான கருவி. புதிய பொருளை, புதிய முறையை ஒரு நிறுவனம் கொண்டுவந்ததா என்று அது கேட்கிறது. வாங்கிப் போட்ட இயந்திரத்தால் வந்த மாற்றமும் அதில் சேரும். இந்திய அறிவியல் தொழில்நுட்பத் துறை ஐ.நா. தொழில் மேம்பாட்டு அமைப்போடு சேர்ந்து 2021-22-ல் ஏறக்குறைய 8,000 உற்பத்தி நிறுவனங்களிடம் இதை நடத்தியது. நான்கில் ஒன்று புத்தாக்கம் செய்ததாகத் தெரிந்தது. உற்பத்தித் தளத்தைப் புரிந்துகொள்ள அருமையான தரவு, ஆராய்ச்சிச் செலவுக்கு மாற்றாக அதை வைக்க முடியாது.

## சரி, யார் எதை எடுப்பது?

சிறிய அறிவியல் அமைப்பு உள்ள நாடு என்றால் தயக்கமே வேண்டாம், முதல் வழி. இலங்கையில் தேசிய விஞ்ஞான மன்றம் இப்படித்தான் நிறுவனங்களைக் கேட்டு எடுத்துவந்திருக்கிறது. மொத்தச் செலவு ஜி.டி.பி.யில் 0.1 சதவீதத்தை ஒட்டியே நிற்கும் நாட்டில் மாதிரிக் கணிதத்துக்குச் செலவழிப்பது வீண். அந்தப் பணத்தில் இரண்டு பேரை வைத்துப் பல்கலைக்கழகங்களின் நேரக் கணக்கைச் சரிபார்க்கலாம்.

இந்தியா அளவுக்கு வந்தால் ஒரே வழி போதாது. அரசுப் பக்கத்துக்கு இப்போதுள்ள முழுக் கணக்கெடுப்பு நன்றாகவே இருக்கிறது, கை வைக்க வேண்டாம். தனியார் பக்கத்துக்கு, ஜி.எஸ்.டி. பதிவேட்டையும் நிறுவன விவகார அமைச்சகத்தின் பதிவேட்டையும் அடிப்படையாக வைத்து, அதில் டி.எஸ்.ஐ.ஆர். பட்டியல், 35(2ஏபி) கோரியவர்கள், வெளிநாட்டுத் தாய் நிறுவனத்துக்குப் பொறியியல் சேவை ஏற்றுமதி செய்பவர்கள் என்று அடையாளமிட்டு, பெரியவர்களை முழுதாகவும் மற்றவர்களை மாதிரியாகவும் கேட்பதுதான் நான் சொல்லும் யோசனை. கேள்வியில் ஆராய்ச்சி என்ற சொல்லை மட்டும் நம்பியிருக்காமல், தாய் நிறுவனத்துக்காகப் புதிய பொருள் வடிவமைக்கிறீர்களா, எத்தனை பேர் என்று நேராகக் கேட்க வேண்டும். முறை மாறும் ஆண்டுக்குப் பழைய எண்ணையும் புதிய எண்ணையும் சேர்த்தே வெளியிட வேண்டும். இல்லாவிட்டால் எது வளர்ச்சி, எது திருத்தம் என்று பத்து வருடத்துக்குச் சண்டை நடக்கும்.

மாநிலம் என்றால்? தமிழ்நாடு 2022-ல் ஆராய்ச்சி மேம்பாட்டுக்கென்று ஒரு கொள்கையே வெளியிட்டது. கொள்கை இருந்தால் அடிப்படை எண் ஒன்று வேண்டும். தேசியத் தரவிலிருந்து மாநிலத்தின் தனியார் எண்ணை நம்பிக்கையோடு பிரிக்க முடியாது, காரணம் மேலே பார்த்த தலைமையகச் சிக்கல். எனவே நிறுவனத்தைக் கேட்காமல் வளாகத்தைக் கேட்க வேண்டும். மாநில எல்லைக்குள் இருக்கும் ஆய்வு வளாகங்களின் பட்டியலைத் தொழிற்பேட்டைகள், ஐ.டி. பூங்காக்கள், ஆராய்ச்சிப் பூங்காக்களிலிருந்து திரட்டி, முதல் சுற்றில் பணத்தைக் கேட்காமல் ஆட்களை மட்டும் கேட்கலாம். எத்தனை பேர் ஆராய்ச்சியில் என்று சொல்ல நிறுவனங்கள் தயங்குவதில்லை. எத்தனை கோடி என்று கேட்டால்தான் கோப்பு தலைமையகத்துக்குப் போகும்.

ஆய்வேடு எழுதும் மாணவர் கணக்கெடுப்பு நடத்தப் போவதில்லை, வெளியான எண்களில் எதை எடுப்பது என்பதுதான் அவர் பிரச்சினை. இந்தியாவின் 0.64-ஐயும் தென்கொரியாவின் கிட்டத்தட்ட 5 சதவீதத்தையும் ஒரே படத்தில் போடுவதற்கு முன்னால், இரண்டையும் துறைவாரியாக உடைத்துப் பாருங்கள். இந்தியாவின் தனியார் பங்கு 36.4 சதவீதம் என்றால் அது ஜி.டி.பி.யில் சுமார் 0.23. மற்றவை சுமார் 0.41. இந்த 0.41-ல் பிழை இருந்தாலும் சிறிதாக இருக்கும், பதில் சொல்பவர்கள் பெரும்பாலும் அரசின் கைக்குள் இருக்கிறார்கள். வெளிநாட்டு மையங்களும் மென்பொருளும் சிறு நிறுவனங்களும் விட்டுப்போவது அந்த 0.23-ல். கொரியாவில் நிறுவனங்களின் பங்கு முக்கால்வாசிக்கும் மேல், அதாவது ஜி.டி.பி.யில் 4 சதவீதத்தை ஒட்டி. நம் 0.23-ஐ இரட்டிப்பாக்கினாலும், மூன்று மடங்காக்கினாலும் அந்த இடைவெளி மூடாது. ஆனால் இந்தியாவின் மொத்தம் ஒரு சதவீதத்தைத் தாண்டியதா இல்லையா என்று யாராவது வாதாடினால், அந்த வாதத்துக்கு இன்றைய தரவில் விடை கிடையாது. அதை ஆய்வேட்டில் அப்படியே எழுதலாம்.